வேம்பு பட்டுப்போச்சு என்று சொன்னவர் மரம் வாங்க வந்தவர்

பள்ளத்தூரில் எங்கள் ஐயாவின் அப்பச்சி (தாத்தாவின் அப்பா) கட்டிய வீட்டுக்கு இப்போது ஐந்து பங்கு. ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் கோவை, இரண்டு பேர் சென்னை. காரைக்குடியில் இருப்பவன் நான் ஒருவன்தான், அதனால் சாவி என்னிடம். சாவி யாரிடமோ தோட்டமும் அவரிடம், மரம் ஒடிந்து ஓட்டில் விழுந்தால் கேள்வியும் அவரிடம். ஆத்தா மட்டும் அங்கேயே இருக்கிறார்கள். எண்பத்திரண்டு வயது, காரைக்குடிக்குக் கூப்பிட்டால் "இந்த வேப்ப மரத்தையும் பேத்துக் கொண்டுபோ, வர்றேன்" என்பார்கள்.

பின்கட்டுத் தோட்டத்தில் இருப்பவை அந்த வேம்பு, ஒரு மா, மூன்று தென்னை, வேலி ஓரத்தில் இரண்டு பனை. இந்த மரங்களுக்கு இரண்டரை வருஷத்தில் மூன்று தரப்பை வைத்து வேலை பார்த்தேன், அல்லது பார்க்கப் போனேன். முதலாவது நாசம், இரண்டாவது மயிரிழையில் தப்பியது, மூன்றாவது உருப்படி. எங்கே பிசகினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன், இதே மாதிரி பூட்டிய வீட்டையும் தோட்டத்தையும் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தப் பக்கம் நிறைய.

மாமரம்

2022 தை மாதம். மா உயரமாகப் போய்விட்டது, அணில் தொல்லை, இலை விழுந்து ஓட்டுச் சரிவுகள் சேர்கிற கூடல்வாய் அடைத்து மழைக்காலத்தில் அடுப்படிச் சுவரில் ஈரம் இறங்குகிறது என்று ஆத்தா புகார். தெருவில் வேறொரு வீட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டேன். அன்றைக்கு நான் கேட்ட ஒரே கேள்வி "எவ்வளவு?" என்பதுதான். மொத்தமாக 4,500 ரூபாய், விறகு அவர்களுக்கு. சரி என்றேன். மரம் பூத்திருந்தது, அது கூட எனக்கு உறைக்கவில்லை.

மிஷின் வாளோடு வந்தார்கள், மூன்று மணி நேரத்தில் முடித்தார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மரம் இல்லை, தொடைப் பருமனில் ஐந்து கட்டைகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன, இலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. "அண்ணே, கவாத்து பண்ணிருக்கு, பாருங்க எப்புடித் தளுக்குதுன்னு" என்றார் தலையாள். தளிர்த்தது உண்மை. இரண்டு மாதத்தில் ஒவ்வொரு கட்டையின் வாயிலும் துடைப்பம் மாதிரி ஐம்பது அறுபது போத்து கிளம்பியது, பார்க்கச் செழிப்பாக இருந்தது, நானும் ஏமாந்தேன்.

மொட்டையடித்த மரம் அப்படித் தளிர்ப்பது தெம்பினால் அல்ல, பசியினால். இலைதான் மரத்தின் அடுப்பு. அதை ஒரே நாளில் மொத்தமாக எடுத்துவிட்டால் வேரிலும் தண்டிலும் சேர்த்துவைத்ததைச் செலவழித்து அவசரமாக இலை விடப் பார்க்கும். அந்தப் போத்துகள் பழைய கொப்பு (கிளை) மாதிரி உள்ளே இருந்து கவை கட்டி வளர்ந்தவை அல்ல, பட்டைக்கு அடியிலிருந்து பிதுங்கி வந்தவை. கனம் கூடக்கூடப் பிய்ந்து விழும். அதைவிட மோசம், ஆயுசு முழுக்க நிழலில் இருந்த பட்டைமேல் பங்குனி சித்திரை வெயில் நேராக அடித்தது. மேல்பக்கப் பட்டை வெந்து வெடித்தது. வெடித்த இடத்தில் தண்டுத் துளைப்பான் புகுந்தது. மாமரம் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த பூச்சிதான்: நீளமான மீசை வண்டு, அதன் புழு கொப்புக்குள் குடைந்துகொண்டே போகும், வெளியே துளையும் கீழே மரத்தூளும்தான் அடையாளம். தூரில் மரத்தூள் கிடக்கிறது என்று ஆத்தா போனில் சொன்னபோது கரையானாக இருக்கும், மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள் என்றேன். கரையான் தூள் தள்ளாது, மண் பூசும். இந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியாது.

2023 ஆடிக் காற்றில் குடைபட்ட கொப்பு ஒன்று ஒடிந்து அடுப்படி ஓட்டில் விழுந்தது. ராத்திரி இரண்டு மணி, ஆத்தா வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) படுத்திருந்தார்கள், நல்லவேளை. மங்களூர் ஓடு அறுபதுக்கு மேல் போயிற்று. அதே அளவில் பழைய ஓடு தேடி, இடித்த வீட்டுச் சாமான் விற்பவரிடம் வாங்கி, கொத்தனார் கூலியும் சேர்த்து 11,000 ஆயிற்று. மிச்சம் பிடிப்பதாக நினைத்து வெட்டக் கொடுத்த கூலி 4,500.

மாவைக் கவாத்து பண்ணவே கூடாது என்று அர்த்தமில்லை. காய்ப்பு முடிந்து ஆடி ஆவணியில், உள்ளே நெருக்கமாக இருக்கிற, காய்ந்த, ஒன்றோடொன்று உரசுகிற கொப்புகளை மட்டும் எடுத்து வெயில் உள்ளே இறங்கவிட்டால் மரத்துக்கு நல்லது. உயரம் குறைக்க வேண்டுமென்றால் இரண்டு மூன்று வருஷத்தில் படிப்படியாகச் செய்ய வேண்டும். ஒரு வருஷத்தில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது மரம் தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிற கணக்கு.

வேம்பு

அதே வருஷம் கார்த்திகை. நல்ல மழை. வேம்பின் நுனிகள் எல்லாம் திடீரென்று பழுப்பாகக் கருகின. ஒரு கொப்பு இரண்டு கொப்பு இல்லை, மரம் முழுக்க, நெருப்பு வாட்டின மாதிரி. மார்கழி பிறந்தபோது தூரத்திலிருந்து பார்த்தால் செத்த மரம். சுற்றளவு ஒன்பது அடி, ஐயா காலத்து மரம், அதன் பெரிய கொப்பு ஒன்று நேராக அடுப்படி ஓட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. மாங்கொப்பு ஓட்டில் விழுந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

மர வியாபாரி ஒருவரை ஒரு தெரிந்தவர் அனுப்பிவைத்தார். வந்தார், மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார், கையால் அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். "பட்டுப்போச்சுண்ணே. அடி வரைக்கும் பூச்சி எறங்கிருச்சு. தை மாசம் தாண்டாது, அப்பறம் தானா விழும். பதினாலாயிரம் தர்றேன், வெட்டுக்கூலி, வண்டி, எல்லாம் என்னுது, ஒங்களுக்குச் சல்லிக் காசு செலவில்ல." போகிற போக்கில் வேலியோரப் பனை இரண்டையும் சேர்த்துத் தந்தால் மேலே மூவாயிரம் என்றார். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டது, தொழில் செய்கிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, 2,000 ரூபாய் முன்பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பொதுச் செலவுக்குப் பணம் கேட்டால் மூன்று நாள் பேச்சுமூச்சு இருக்காது; செலவே இல்லை, மேலே வரவு வேறு என்றதும் பத்து நிமிஷத்தில் மூன்று கட்டைவிரல். கோலாலம்பூர் அண்ணன் மட்டும் "ஆத்தாவிடம் கேட்டாயா?" என்று எழுதினார். கேட்டேன். "வேம்பு மாசியில இலை உதுத்து பங்குனியில தளுக்கும். அதுவரைக்கும் இருந்து பாக்காம என்ன அவசரம்? கெடக்கட்டும்" என்றார்கள். அப்புறம், மைத்துனர் மகன் ஒருவன் வேளாண்மை படித்தவன், அவனைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னதும் ஆத்தாதான்.

அவன் வந்ததும் முதலில் செய்தது ஏணி போட்டு ஏறி, காய்ந்த கொம்பு ஒன்றை நுனியிலிருந்து நகத்தால் கீறிக்கொண்டே உள்ளே வந்ததுதான். நுனியில் ஒரு முழம் பழுப்பு. அதற்கு உள்ளே பட்டைக்கு அடியில் பச்சை. இன்னொரு கொம்பு, அதிலும் அதே. பத்துப் பன்னிரண்டு இடத்தில் கீறினான், எல்லாம் ஒரே கதை. "மாமா, மரம் உசுரோட இருக்கு. இது தேயிலைக் கொசு."

பெயர்தான் கொசு. உண்மையில் அது சாறு உறிஞ்சுகிற ஒரு நாவாய்ப் பூச்சி. தேயிலை, முந்திரி, கொய்யா, வேம்பு என்று எல்லாவற்றிலும் இளந்தளிரில் உட்காரும். புதுக்கோட்டைப் பக்கம் முந்திரி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், பூக்கிற நேரத்தில் அவர்களுக்கு இதுதான் பகை. உறிஞ்சும்போது அதன் எச்சில் பட்ட இடம் கருகும். மழைக்காலத்தில் அந்தப் புண் வழியாகவோ நேராகவோ ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையும் சேர்ந்துகொண்டால் நுனி நுனியாகக் காய்ந்து மரமே செத்தது போலத் தெரியும். நன்றாக வேர்பிடித்த பெரிய வேம்பு ஒரு வருஷ நுனிக்கருகலில் சாவது அபூர்வம். வெயில் வந்ததும் தளிர்த்துவிடும். நாற்றும் இளங்கன்றும்தான் தாங்காது. அத்தனை உயரத்துக்கு மருந்தடிப்பது வீட்டுத் தோட்டத்தில் நடக்காத காரியம், கீழே கிணறு, அடுப்படி வேறு. மாசி வரை பொறுத்திருங்கள், விழுந்த குச்சிகளைக் கூட்டி எரித்துவிடுங்கள், அவ்வளவுதான் என்றான்.

அப்படியானால் "அடி வரைக்கும் பூச்சி" என்று அந்த ஆள் சொன்னது? தூரைச் சுற்றி மண்ணைத் தள்ளிப் பார்த்தோம். தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தால் வேர் அழுகலுக்குப் பயப்பட வேண்டும், அது இல்லை. மண் ஒரு பக்கம் வெடித்து மேலே தூக்கியிருந்தால் மரம் சாய ஆரம்பித்துவிட்டது என்று பொருள், அதுவும் இல்லை. பெரிய கவையில் பிளவு இல்லை. கொடிக்கம்பி கட்ட யாரோ எப்போதோ சுற்றிய இரும்புக் கம்பி ஒன்று பட்டைக்குள் புதைந்து கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, அதை மட்டும் வெட்டி எடுத்தோம். மேற்குப் பக்கம் கொஞ்சம் கவலை: செப்டிக் டேங்க் தோண்டியபோது அந்தப் பக்க வேரை அறுத்திருக்கிறார்கள். இங்கே இரண்டு மூன்று அடிக்குக் கீழே செம்புறாங்கல், வேர் ஆழமாக இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில்தான் ஓடும், ஒரு பக்கம் அறுத்தால் அந்தப் பக்கப் பிடிமானம் போயிற்று. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்து இந்த வழியாகப் போனபோது எங்கள் தெருவில் சாய்ந்த பூவரசு, காம்பவுண்டுச் சுவருக்கு அஸ்திவாரம் தோண்டி வேரை வெட்டிய மரம்தான். அதற்கு அடுத்த வீட்டில் கிழட்டு இலுப்பை, யாரும் கை வைக்காதது, கொப்பு ஒன்றை இழந்ததோடு நின்றது.

ஆக முழு மரத்தையும் எடுக்கக் காரணமில்லை. ஓட்டுக்கு மேல் இருக்கிற கொப்பைக் குறைக்க வேண்டும், உண்மையிலேயே காய்ந்தவற்றை எடுக்க வேண்டும், மேற்குப் பக்கம் பிடிமானம் குறைந்ததால் மேல்பாரத்தையும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

அந்த ஆளைப் பொய்யன் என்று நான் சொல்லவில்லை. மரத்தை விலைக்கு வாங்குகிறவர் மரத்தை நிற்கும் விறகாகத்தான் பார்ப்பார், அது அவர் தொழில். தப்பு என்னுடையது. மரத்துக்கு என்ன நோய் என்று மரம் வாங்க வந்தவரிடம் கேட்டது, ஆட்டுக்கு வைத்தியம் கறிக்கடையில் கேட்ட மாதிரி. பின்னால் விசாரித்ததில் அந்த அடிமரம் வைரம் பாய்ந்தது, வாள்பட்டறையில் அவர் சொன்னதற்கு இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும் என்றார்கள். மாமரத்திலும் யோசித்துப் பார்த்தால் இதேதான்: விறகு அவர்களுக்கு என்று நான் சொன்ன நிமிஷமே, அதிகம் வெட்டினால் அதிக லாபம் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கொஞ்சம் சத்தம் போட்டார், வண்டிக்குச் சொல்லிவிட்டேன் என்றார். 500 ரூபாய் சேர்த்துக் கொடுத்து முடித்தேன்.

மூன்றாவது ஆள்

பங்குனியில் வேம்பு தளிர்த்தது, பூவும் வந்தது. ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை, வேப்பம்பூவைக் காயவைத்து ஐந்து வீட்டுக்கும் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். அதுவே போதும்.

வேலையை ஆவணியில் வைத்தோம். ஆடிக் காற்று அடங்கியிருக்கும், வடகிழக்கு மழை தொடங்க ஒன்றரை மாதம் இருக்கும், காக்கைக் கூடுகளில் குஞ்சுகளும் பறந்திருக்கும். இந்தத் தடவை ஆள் தேடியது விலை கேட்டு அல்ல. புதுவயல் பக்கத்து மரமேறி ஒருவரைச் சொன்னார்கள், ஐம்பது வயதிருக்கும். வந்தவர் விலை சொல்லவில்லை. "எந்தக் கொப்புண்ணே ஒங்களுக்கு எடஞ்சல்?" என்று கேட்டார். காட்டினேன். "முழுசா எடுத்தா மரம் ஒருச்சாச்சுப் போயிரும். இந்தக் கவையோட நிறுத்துவோம்" என்றார். ஒருச்சாய்ச்சல் என்கிற அந்தச் சொல்லிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிட்டது.

பேசிக்கொண்டது இவ்வளவுதான். நாள் கூலி: அவருக்கு 1,800, கீழே கயிறு பிடிக்கும் இரண்டு பேருக்குத் தலைக்கு 900. விறகு எங்களுக்கு. எந்தெந்தக் கொப்பு என்பதைச் சுண்ணாம்பால் குறி போட்டோம், குறி இல்லாததில் கத்தி படக் கூடாது. இடுப்புக் கயிறு இல்லாமல் ஏறக் கூடாது. இதற்கு அவர் சிரித்தார், "முப்பது வருசமா ஏறுறேன்" என்றார். விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு நான்தானே ஓட வேண்டும் என்றேன். நல வாரிய அட்டை வைத்திருக்கிறார், இருந்தாலும் கயிறு கட்டினார்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்தும் நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டோம். அதை மட்டும் நம்பக் கூடாது, மத்தியானம் சீக்கிரமே வந்துவிடும், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் என்று வேறு ஆபத்தும் உண்டு. லைன்மேனைக் கூப்பிட்டு வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைக் கழற்றிவிட்ட பிறகுதான் ஏறினார். கொப்புக்கு நேர் கீழே நாலு வரிசை ஓட்டைக் கொத்தனார் முன்கூட்டியே இறக்கி அடுக்கிவிட்டார், மிச்சத்தின் மேல் வைக்கோல் அடைத்த சாக்கு.

வெட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், அரை நாள் வேடிக்கை. எந்தக் கொப்பையும் ஒரே வெட்டில் எடுக்கவில்லை. கொப்பு பிரிகிற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி முதலில் அடிப்பக்கம் கால்வாசி ரம்பம் போட்டார், அதற்கும் கொஞ்சம் வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கொப்பு கயிற்றில் தொங்கி ஆடி ஆடி இறங்கியது. அடிவெட்டு போடாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால் பாரம் தாங்காமல் பட்டையோடு தண்டு வரை உரித்துக்கொண்டு விழும், மாமரத்தில் நடந்தது அதுதான். மிச்சமிருந்த முழக்கட்டையைக் கடைசியாக எடுத்தார், அதையும் தண்டோடு ஒட்டச் சீவவில்லை. கொப்பு பிரிகிற இடத்தில் மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்குமே, அந்தத் தடிப்பை விட்டு அதற்கு வெளியே அறுத்தார். "இது கழுத்துண்ணே. கழுத்த வெட்டினா புண்ணு மூடாது. குட்டைய விட்டாலும் மூடாது, அழுகி உள்ள போகும்."

பள்ளிக்கூடமே போகாத மனிதர் சொன்ன இதைத்தான் அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை மிஷின் வாளால் நெடுக்கில் பிளந்து பார்த்து எழுதினார். மரத்தின் புண் நம் தோல்போல ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது என்பது அவர் 1977ல் வெளியிட்டது. அந்தச் சுவர் எழும்பும் இடம்தான் கழுத்து. தாரும் பெயின்ட்டும் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அதோடு தெளிவாயிற்று. எங்கள் ஆள் வெட்டுவாயில் சாணி பூசலாமா என்று கேட்டார், மைத்துனர் மகன் வேண்டாம் என்றான், ஆத்தா பூசு என்றார்கள். ஆத்தா சொன்னபடி ஒரு வெட்டில் பூசி, மற்றதை அப்படியே விட்டோம். இப்போது இரண்டையும் பார்த்தால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

கொப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, காரைக்குடி கொப்புடையம்மன் பெயரில் இருக்கிற கொப்பு காதில் போடுகிற நகை. மரக்கிளைக்கும் நமக்கு அதே சொல். அன்று சாயங்காலம் அந்த மரம் நின்ற அழகுக்கு இரண்டும் பொருந்தும் போலிருந்தது.

கணக்கு: இரண்டு நாளுக்கு ஆள் கூலி 7,200, கொத்தனாருக்கு 1,500, ஆக 8,700. விறகைக் கல்யாணச் சமையல்காரர் ஒருவர் 2,200க்கு எடுத்துக்கொண்டார். நிகரம் 6,500, பங்குக்கு 1,300. மரத்தை விற்றிருந்தால் பங்குக்கு 2,800 கையில் வந்திருக்கும். அதாவது வேம்பு நிற்பதற்குப் பங்குக்கு 4,100 ரூபாய் வித்தியாசம், இதைத்தான் குரூப்பில் ஒரு மாதம் பேசினோம். அடுப்படிக்கு மேற்கு வெயில் படாமல் இருப்பதைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று கோவைக்காரர் கேட்டார், சித்திரையில் வந்து அந்த அடுப்படியில் ஒரு மத்தியானம் நில்லுங்கள் என்றேன். மற்ற நான்கு பங்கும் வந்துவிட்டது, அவருடையதுதான் இன்னும் வரவில்லை.

அதன்பிறகு வேம்புக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர், அதுவும் தூரில் அல்ல, தழை முடிகிற வட்டத்தில், தண்ணீர் உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது. உதிர்ந்த இலையை எரிக்காமல் அதே வட்டத்தில் பரப்பிவைக்கிறோம். தூரை ஒட்டிக் குவிப்பதில்லை. தோட்டம் முழுக்க சிமெண்ட் போட்டுவிடலாம், கூட்ட எளிது என்ற யோசனையைத் தள்ளிவிட்டேன். 2024 மழைக்குப் பிறகு நுனி மறுபடி கொஞ்சம் கருகியது, யாரும் பதறவில்லை. மாமரத்துக்குத்தான் என்ன செய்தாலும் பழைய உருவம் வராது. துளைப்பான் துளைகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து அடைத்தோம், போத்துகளில் நல்ல இடத்தில் இருப்பதாக ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு மூன்றை விட்டு மற்றதை எடுக்கிறோம். மூன்று வருஷமாகக் காய் இல்லை.

இப்போது மிச்சம் இருப்பது முகப்பு மாடத்துக்குப் பக்கத்தில் சுவரில் முளைத்திருக்கிற அரசங்கன்று. பறவை போட்ட விதை, முழங்கை நீளம்தான், வேர் அதற்குள் காரைக்கும் செங்கலுக்கும் நடுவில் ஓடிவிட்டது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க அந்த இடத்துக் காரையைப் பெயர்க்க வேண்டும், அந்தப் பழைய சுண்ணாம்புப் பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும். அரச மரத்தில் கை வைக்கலாமா என்று சென்னைப் பங்காளி ஒருவர் கேட்டிருக்கிறார். மரமேறி அண்ணன் எடுக்கிறேன் என்கிறார், ஆனால் முதலில் கோயிலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்கிறார். ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும்.